படர்தாமரையும் ஆய்வுக்கூடமும்



விடுதிகளில் தங்கிப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி புதிதாக இராது. கோடை தொடங்கிச் சில நாட்களே ஆகியிருக்கும். அறையில் உள்ள ஒருவனுக்கு, ஆடை இறுகும் இடுப்புப் பகுதியில் அரிப்பு எடுக்கிறது. சொறிகிறான், சொறியும்போது சுகமாகவும் பின்னர் எரிச்சலாகவும் இருக்கிறது. சில நாட்களில் அவ்விடத்தில் சிவந்த விளிம்புடைய வட்டம் ஒன்று தோன்றுகிறது. வெட்கத்தினால் அவன் அதை யாரிடமும் காட்டுவதில்லை. கடைசியில் பக்கத்து அறை நண்பன் ஒரு களிம்பை எடுத்துக் கொடுத்து, "இதைத் தடவு, எனக்கு மூன்றே நாளில் அடங்கிவிட்டது" என்கிறான். அவனுக்கும் மூன்றே நாளில் அடங்கிவிடுகிறது. ஆனால் களிம்பை நிறுத்தியதும் அரிப்பு மீண்டும் வருகிறது. ஒரு மாதம் சென்றபின் பார்த்தால், ஒரு வட்டம் இருந்த இடத்தைச் சுற்றி நான்கு வட்டங்கள் இருக்கின்றன. அதே வாளியையும் துண்டையும் பயன்படுத்திய அறைத்தோழனுக்கும் ஒன்று வந்திருக்கிறது.

அந்த மூன்று நாட்களில் தோலில் உண்மையாக நேர்ந்தது என்ன? நோய் போயிற்றா, நோயின் அடையாளம் மட்டும் போயிற்றா? இக்கேள்விக்குக் கண்ணால் பார்த்து விடை கூற இயலாது. ஒரு சிறிய ஆய்வு வேண்டும். அதற்குப் பெரிய பொறிகள் தேவையில்லை. ஒரு மழுங்கிய கத்தி, ஒரு கறுப்புக் காகிதம், ஒரு துளி கார நீர், ஒரு நுண்ணோக்கி, சிறிது பொறுமை, இவ்வளவே போதும். இவற்றுள் கடைசியாகக் கூறிய பொறுமையை நான் இழந்ததனால் ஒரு குடும்பத்திற்கு விளைந்த துன்பத்தையும் இன்று உங்களிடம் மறைக்காமல் சொல்ல எண்ணியிருக்கிறேன்.

முதலில் நோயின் இயல்பைப் பார்ப்போம். நம் முன்னோர் இதற்குப் படர்தாமரை என்று பெயரிட்டனர். ஆங்கிலேயர் வளையப் புழு என்று பொருள்படும் பெயரை வைத்தனர். உண்மையில் இதில் தாமரையும் இல்லை, புழுவும் இல்லை. ஊறுகாயின் மேலும், பழைய ரொட்டித் துண்டின் மேலும், மழைக்காலத்தில் தோற்செருப்பின் மேலும் பூக்கிறதே பூசணம், அதன் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிரே இந்நோய்க்குக் காரணம். பாடநூல்களில் இதனைப் பூஞ்சை என்று படித்திருப்பீர்கள். டிரைக்கோபைட்டான், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோபைட்டான் என்னும் மூன்று பேரினங்கள் இவற்றுள் பெயர் பெற்றவை.

இவற்றின் உணவு விசித்திரமானது. நம் தோலின் மேற்புறத்தில் உயிரற்ற மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அவ்வடுக்கும், மயிரும், நகமும் கெராட்டின் என்னும் உறுதியான புரதத்தால் ஆனவை. மற்ற நுண்ணுயிர்கள் எளிதில் தொடாத அந்தக் கெராட்டினைச் செரித்து உண்ணும் ஆற்றல் இப்பூசணங்களுக்கு உண்டு. ஆதலால் இவை பெரும்பாலும் உடலின் உள்ளே செல்வதில்லை. மேலடுக்கிலேயே குடியிருந்து, இழை இழையாக நாற்புறமும் பரவுகின்றன.

வட்டம் ஏன் உண்டாகிறது என்பதும் இதனால் விளங்கும். காய்ந்த புல்வெளியில் ஓரிடத்தில் தீப்பொறி விழுந்தால் நெருப்பு வட்டமாகப் பரவுகிறது. நடுப்பகுதி எரிந்து தணிந்துவிட, ஓரத்திலேதான் சுவாலை இருக்கிறது. படர்தாமரையும் அத்தகையதே. நடுவில் தோல் ஓரளவு தெளிந்துவிடும். விளிம்பில் சிவப்பும் செதிலும் சிறு கொப்புளங்களும் காணப்படும். பூசணம் மிகுதியாக இருப்பது அவ்விளிம்பில்தான். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்குத் தோலை எங்கே சுரண்டுவது என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

மனித நோய்களின் வரலாற்றில் இந்த எளிய தோல் நோய்க்கு ஒரு சிறப்பிடம் உண்டு. நுண்ணுயிர்களால் நோய் வரக்கூடும் என்பதை உலகம் இன்னும் நம்பாதிருந்த காலத்தில், இத்தாலியில் அகோஸ்டினோ பாஸி என்பவர், பட்டுப் புழுக்களை வெண்மையாக விறைக்கச் செய்து கொல்லும் நோய் ஒரு பூசணத்தால் வருவது என்று 1835-இல் எடுத்துக்காட்டினார். அக்காலத்தில் ஃபேவஸ் என்னும் கொடிய தலைப்படை ஐரோப்பாவில் பலரை வருத்திற்று. அதன் மஞ்சள் நிறப் பொருக்கில் இழைகள் போன்ற உருவங்கள் இருப்பதை ராபர்ட் ரேமாக் என்னும் இளம் அறிஞர் பெர்லினில் கண்டார். அவை பூசணமே என்று ஷோன்லைன் என்னும் மருத்துவர் 1839-இல் வெளியிட்டார். ரேமாக் அதோடு அமையாமல், நோய்ப் பொருக்கைத் தம் கையிலேயே ஒட்டவைத்து அந்நோயைத் தமக்கே வரவழைத்துக்கொண்டார். ஹங்கேரியில் பிறந்து பாரிசில் பணியாற்றிய டேவிட் குரூபி, 1841 முதல் சில ஆண்டுகள் இப்படைகளைத் தாமாகவே ஆராய்ந்து, பூசணமே காரணம் என்பதை நிலைநாட்டினார். ராபர்ட் காக் க்ஷயரோகக் கிருமியை அறிவித்தது 1882-இல். அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே நம் படர்தாமரையின் இனத்து நோய் ஒன்றிற்குக் காரணமான உயிர் கண்டறியப்பட்டுவிட்டது!

"இவ்வளவு தெளிவான நோய்க்கு ஆய்வு எதற்கு? வட்டத்தைப் பார்த்தால் தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். தேர்ந்த மருத்துவர் பார்த்த அளவிலே அறிந்துகொள்ளும் வேளைகள் பல உண்டு. ஆயினும் வட்டமெல்லாம் படர்தாமரை அன்று. கரப்பான் என்று நாம் வழங்கும் எக்ஸிமாவில் ஒருவகை, காசு வடிவில் வட்டமாகவே தோன்றும். சொரியாசிஸ் என்னும் செதில் படையும் வட்டமாக வரலாம். தொழுநோயின் தொடக்கத்தில் தோன்றும் வெளிறிய, உணர்ச்சி குன்றிய திட்டை வெறும் தேமல் என்றும் படை என்றும் எண்ணிக் காலம் கடத்தியவர்கள் உண்டு.

இதில் இடர் எங்கே இருக்கிறது என்றால், ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு எதிராக நிற்பதில் இருக்கிறது. கரப்பானுக்கு ஸ்டீராய்டு சேர்ந்த களிம்பு நல்ல மருந்து. அதே களிம்பைப் படர்தாமரையில் தடவினால் என்ன ஆகும்? பூசணத்தை எதிர்த்து நம் தோல் நடத்தும் போராட்டத்தின் அறிகுறிகளே சிவப்பும் வீக்கமும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடுகிறது. காவலர்களை உறங்க வைத்துவிட்டால் ஊரில் கூச்சல் இராது. கள்வனும் போயிருக்க மாட்டான். இவ்வாறு ஸ்டீராய்டினால் உருமாறி, தன் விளிம்பையும் வட்டத்தையும் இழந்து, அடையாளம் தெரியாமல் பரவும் படர்தாமரையை ஐவ், மார்க்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1968-இல் விவரித்து, 'மாறுவேடம் பூண்ட படை' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். விடுதி நண்பனின் மூன்று நாள் சுகத்துக்கு விளக்கம் இதுவே. அந்தத் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால், வெளியே அமைதி நிலவும் அவ்விடத்தில் பூசண இழைகள் கொத்துக் கொத்தாகப் பின்னிக் கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி ஆய்வுக்கூடத்திற்குள் செல்வோம்.

நோயாளியை நல்ல வெளிச்சத்தில் உட்கார வைக்கிறோம். படையின் மேல் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைக்கிறோம். களிம்பு, எண்ணெய், முகப்பூச்சு ஆகியவை நீங்குவதற்கும், தோலின் மேலுள்ள பாக்டீரியாக்கள் குறைவதற்குமே இது. ஸ்பிரிட் உலர்ந்த பின், மழுங்கிய கத்தியின் ஓரத்தால் படையின் விளிம்பை மெல்லச் சுரண்டுகிறோம். நடுப்பகுதியைச் சுரண்டுவது எரிந்து முடிந்த சாம்பலில் நெருப்பைத் தேடுவது போலாகும். நோயாளிக்கு வலி இராது, இரத்தம் வரக்கூடாது. தவிடு போன்ற செதில்கள் உதிரும். அவை கறுப்புக் காகிதத்தின் மேல் விழுமாறு பிடித்துக்கொள்கிறோம். வெண்செதில் கறுப்பின்மேல் தெளிவாகத் தெரியும். போதிய அளவு கிடைத்ததா என்பது உடனே புலப்படும். காகிதத்தை மருந்துப் பொட்டலம் போல மடித்துவிட்டால் செதில் பல நாட்கள் உலர்ந்தே இருக்கும். ஈரம் இருந்தால் பாக்டீரியாக்கள் பெருகிப் பூசணத்தை மறைத்துவிடும்.

நகமாயின் நுனியை வெட்டி எறிந்துவிட்டு, சொத்தை தொடங்கும் உட்பகுதியிலிருந்தும் நகத்தின் அடியில் சேர்ந்துள்ள பொடியிலிருந்தும் எடுக்க வேண்டும். தலைமயிராயின் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. ஒடிந்து பொலிவிழந்த மயிரைச் சிறு சாமணத்தால் வேரோடு பிடுங்க வேண்டும். பூசணம் இருப்பது அடிப்பகுதியில் அன்றோ?

எடுத்த செதிலில் ஒரு பகுதியைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தின் கரைசலில் ஒரு துளி விடுகிறோம். தோலுக்கு 10 முதல் 20 சதவிகிதக் கரைசல் போதும். நகத்திற்கு இன்னும் வலிமை வேண்டும். மேலே மெல்லிய கண்ணாடி மூடியை வைக்கிறோம். பிறகு செய்ய வேண்டிய பெரிய காரியம், காத்திருத்தல்.

இக்காரம் செய்யும் வேலையை விளக்க ஓர் உவமை சொல்கிறேன். பலகாரம் பொதிந்த காகிதத்தில் எண்ணெய் ஊறினால் அவ்விடம் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். காரம் ஊறிய செதிலும் அவ்வாறே தெளிந்துவிடும். தோலின் கெராட்டின் காரத்தில் இளகிக் கரைகிறது. பூசணத்தின் சுவரோ கைட்டின் முதலான வேறு பொருள்களால் ஆனது. நண்டின் ஓட்டில் உள்ள அதே கைட்டின்தான். அது காரத்தை எளிதில் சட்டை செய்வதில்லை. ஆகவே தோல் மறைய, பூசணம் மட்டும் நின்று தோன்றும். தோலுக்கு ஏறக்குறைய 10 முதல் 20 நிமிடங்கள் ஆகும். தடித்த செதிலுக்கு இன்னும் கூடுதலாகும்; நகத்திற்குச் சிலவேளை ஓர் இரவே வேண்டும். சற்றே இளஞ்சூடு காட்டினால் விரைவுபடும். கொதிக்க விட்டாலோ காரம் படிகமாக உறைந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

பின்னர் நுண்ணோக்கியில், ஒளியைக் குறைத்துக்கொண்டு, முதலில் குறைந்த உருப்பெருக்கத்திலும் அடுத்து மிகுந்த உருப்பெருக்கத்திலும் பார்க்கிறோம். கண்ணாடிபோல் நிறமற்று, ஒரே சீரான பருமனுடன், கிளைவிட்டு, இடையிடையே குறுக்குச் சுவர்கள் உடையனவாகச் செல்களின் எல்லைகளைக் கடந்து ஓடும் இழைகள் தென்பட்டால் அவையே பூசணம். சில இடங்களில் இழை துண்டு துண்டாகப் பிரிந்து, கோத்த மணிகள் போலவும் காணப்படும்.

ஆனால் கண்ணை ஏமாற்றுவன இங்கும் உண்டு. ஆடையிலிருந்து விழுந்த பஞ்சு நூல் ஓர் இழைதான். அதன் பருமன் சீராக இராது, குறுக்குச் சுவரும் இராது. எண்ணெய்த் துளிகளும் காற்றுக் குமிழ்களும் வித்துகள் போல் காட்சி தரும். செல்களின் ஓரங்களில் கொழுப்புத் துளிகள் வரிசையாகப் படிந்து, வலைப்பின்னல் போல் தோன்றுவதும் உண்டு; பழகாதவர்கள் இதனைப் பூசணம் என்று எழுதிவிடுவார்கள். இல்லாததை உண்டென்று எழுதுதல் ஒரு பிழை. உள்ளதை இல்லையென்று எழுதுதல் மற்றொரு பிழை. நான் செய்தது இரண்டாவது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் நான் பயிற்சியில் இருந்தேன். அன்று கூட்டம் மிகுதி. பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் முழங்காலுக்குப் பின்புறம் ஒரு தடித்த படையோடு வந்தார். செதிலைச் சுரண்டினேன், காரத்துளி விட்டேன். வாசலில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவரும், "ஐயா, இரண்டாம் ஷிப்டுக்குப் போகவேண்டும்" என்று கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்குமோ என்னவோ, தகட்டை எடுத்துப் பார்த்தேன். செதில் இன்னும் தெளியவில்லை. மங்கலான தோல் அடுக்குகளே கண்ணுக்குப் பட்டன. நான்கைந்து இடங்களை நகர்த்திப் பார்த்துவிட்டு, "பூசணம் காணப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சீட்டைக் கண்ட மருத்துவர் இது கரப்பானாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, அதற்குரிய ஸ்டீராய்டு களிம்பை எழுதித் தந்தார். அவர்மேல் குற்றமில்லை, என் சீட்டை நம்பினார்.

நல்லவேளையாக, எங்கள் பேராசிரியை அம்மையார் ஒரு விதி வைத்திருந்தார். நுண்ணோக்கியில் எது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், செதிலில் ஒரு பகுதியை வளர்ப்புச் சோதனைக்கு இட்டே ஆகவேண்டும் என்பது அவ்விதி. அதனால் மீதிச் செதிலை வளர்ப்புக் குழாயில் இட்டிருந்தேன்.

இவ்வளர்ப்பு முறையை உருவாக்கித் தந்தவர் பிரெஞ்சு நாட்டின் ரேமோன் சபுரோ. 1864 முதல் 1938 வரை வாழ்ந்தவர். பாரிசில் செயிண்ட் லூயி மருத்துவமனையில் பணியாற்றியவர். இப்பூசணங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1910-இல் வெளிவந்தது. வளர்க்கும் உணவு மாறினால் பூசணத்தின் நிறமும் உருவமும் மாறிவிடும் என்பதை உணர்ந்து, யாவரும் ஒரே உணவில் வளர்த்தால்தான் ஒருவர் கண்டதை மற்றொருவர் ஒப்பிட்டுப் பார்க்க இயலும் என்று அவர் வற்புறுத்தினார். சர்க்கரையும் பெப்டோனும் சேர்த்து, நம் வீடுகளில் இனிப்புச் செய்யப் பயன்படும் கடற்பாசிப் பொருளாகிய அகாரால் உறையவைத்து, சற்றே புளிப்புத் தன்மை உள்ளதாக ஆக்கிய உணவு அது. இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பாக்டீரியாக்களையும், காற்றில் மிதந்து வந்து விழும் மற்றப் பூசணங்களையும் தடுக்க அதில் இப்போது குளோரம்பெனிகால், சைக்ளோஹெக்சிமைடு என்னும் இரு மருந்துகளைச் சேர்க்கிறோம்.

குழாய்களை 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாக்டீரியாவைப் போல் மறுநாளே விடை கிடையாது. வளர்ச்சி தென்பட ஒரு வாரமோ இரு வாரமோ ஆகும். நான்கு வாரம் வரை பார்த்த பின்னரே வளரவில்லை என்று கூறலாம். வளர்ந்தவற்றுள் சில மாவு தூவினாற்போல் இருக்கும். சில பஞ்சுபோல் எழும்பும். டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்பதைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் மாதுளைச் சாற்றின் நிறம் காட்டும். அதில் சிறிது எடுத்து நீலச் சாயத்தில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணீர்த் துளி வடிவில் சிறு வித்துகளும், சுருட்டு வடிவில் அறைகள் பிரிந்த பெரு வித்துகளும் தெரியும். அவற்றின் வடிவையும் அமைப்பையும் கொண்டே இனம் இன்னதென்று கூறுகிறோம்.

பன்னிரண்டாம் நாள் அத்தொழிலாளியின் குழாயில் வெண்பஞ்சு எழுந்தது. மேலும் சில நாட்களில் அடிப்புறம் சிவந்தது. எனக்கு உள்ளம் நடுங்கிற்று. சீட்டில் இருந்த முகவரிக்கு அன்றே கடிதம் எழுதினேன். விடை வரவில்லை. அவர் வீடு மாறிப் போயிருந்தார் என்பது பின்னரே தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து அவரே வந்தார். கால் படை தொடையெல்லாம் பரவி, விளிம்பு அழிந்து, இன்ன நோய் என்று சொல்ல முடியாதபடி உருமாறியிருந்தது. உடன் வந்த மனைவியின் இடுப்பிலும், கையில் இருந்த குழந்தையின் கன்னத்திலும் வட்டங்கள் இருந்தன. அவர் கோபப்படவில்லை. பழைய சீட்டை மடிப்புக் கலையாமல் எடுத்து நீட்டி, "ஐயா, பூசணம் இல்லையென்று எழுதிக் கொடுத்தது தாங்கள்தானே?" என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன். வேறு சொல் வரவில்லை.

அன்று மூவரின் செதிலையும் நானே மீண்டும் எடுத்தேன். அரைமணி நேரம் காத்திருந்து பார்த்தேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. மூன்று தகடுகளிலும் இழைகள் நிறைந்திருந்தன. உரிய மருந்தைப் பல வாரங்கள் உண்டும் தடவியும் அவர்கள் குணமடைந்தார்கள். அந்த வாரங்களில் அவருக்குப் போன வேலை நாட்களுக்கு நான் என்ன ஈடு செய்ய முடியும்?

அன்று மாலை பேராசிரியை அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, 'காணப்படவில்லை' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு. நீ எழுதியது முதலாவது. அந்த மனிதர் படித்தது இரண்டாவது. இனி அச்சொல்லை எழுதும்போதெல்லாம், நன்றாகத் தேடினேனா என்று உன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்" என்றார். அன்றுமுதல் அச்சொல்லை எழுதுமுன் என் கை ஒரு கணம் நின்றே எழுதுகிறது.

வேறு ஆய்வுகளும் உண்டு. ராபர்ட் உட் என்னும் அமெரிக்க இயற்பியல் அறிஞரின் வடிகண்ணாடியைக் கொண்டு அமைந்த புற ஊதா விளக்கை, 1925-இல் பிரெஞ்சு மருத்துவர் இருவர் தலைப்படையைக் கண்டறியப் பயன்படுத்தினர். இருட்டறையில் அவ்விளக்கின் ஒளி பட்டதும் மைக்ரோஸ்போரம் இனங்கள் சில பிடித்த மயிர் பச்சையாக ஒளிரும். ஆனால் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் டிரைக்கோபைட்டான் இனங்கள் பெரும்பாலும் ஒளிர்வதில்லை. ஆதலால் ஒளிராமை நோயின்மைக்குச் சான்றாகாது. நகத் துண்டைச் சீவிச் சிறப்புச் சாயமிட்டுப் பார்க்கும் முறை, பூசணத்தின் மரபுப் பொருளையே பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறை ஆகியவை பெரிய ஆய்வுக்கூடங்களில் நடைபெறுகின்றன. இவை நுட்பமானவை, செலவும் மிகுந்தவை. கார நீர்த் துளியோ சிற்றூர் மருத்துவமனையிலும் கிடைக்கக்கூடியது.

இவ்வளவு பழைய ஆய்வைப் பற்றி இன்று பேச வேண்டிய தேவை என்ன என்று கேட்பீர்களாயின், தேவை முன்னைவிட இன்றே மிகுதி என்பேன். கடந்த சில ஆண்டுகளாக இந்தியாவில் படர்தாமரை எளிதில் தீராத நோயாக மாறிவிட்டது. முன்பு சில வாரங்களில் குணமானது இப்போது மாதக்கணக்கில் நீடிக்கிறது. நின்றாற்போல் நின்று மீண்டும் வருகிறது. குடும்பம் முழுவதையும் பற்றுகிறது. டெர்பினாபின் என்னும் சிறந்த மருந்துக்கு அடங்காத பூசணங்கள் பெருகியிருக்கின்றன. அம்மருந்து பூசணத்தின் நொதி ஒன்றைப் பூட்டி, அதன் சவ்வு உருவாகாமல் தடுப்பது. நொதிக்குரிய மரபணுவில் மாறுதல் ஏற்பட்டால் பூட்டுப் பொருந்தாமற் போகிறது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் சென்ற நோயாளிகளிடம் எடுத்த பூசணத்தை ஜப்பானில் ஆராய்ந்தவர்கள் 2020-இல் அதனைத் தனி இனமாக விவரித்து, டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. 2023-இல் அமெரிக்காவில் நியூயார்க் நகரிலும் அது கண்டறியப்பட்டதாக அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் அறிவித்தனர்.

இந்நிலைக்குக் காரணம் ஒன்றன்று. வெப்பமும் ஈரமும் இறுக்கமான ஆடையும் காரணம். அரைகுறையாக மருந்துண்டு நிறுத்துவதும் காரணம். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாமே வாங்கித் தடவிக்கொள்ளும் வழக்கமும் பெரிய காரணம் என்று தோல் மருத்துவர்கள் பலகாலமாக எச்சரித்து வருகின்றனர். மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்ற பட்டியலில் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை இந்திய அரசு 2018-இல் சேர்த்தது. சட்டம் கடையின் வாசல்வரை வரும். பக்கத்து அறை நண்பன் நீட்டும் களிம்பைத் தடுப்பது நம் அறிவுதான்.

ஆகவே உங்களுக்குச் சில சொற்கள். அரிக்கும் வட்டம் தோன்றினால் வெட்கப்படாதீர்கள். அது ஒழுக்கக் குறைவின் அடையாளம் அன்று, யாருக்கும் வரக்கூடிய தோல் நோய். எதையும் தடவுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பே ஏதேனும் தடவியிருந்தால் அதன் பெயரை ஒளிக்காமல் சொல்லுங்கள். பூசண மருந்து தடவிய தோலில் இழைகள் மறைந்து, ஆய்வு பொய்த்துவிடக்கூடும். சில நாட்கள் நிறுத்திவிட்டு வரச் சொன்னால் பொறுத்திருந்து செல்லுங்கள். மருந்து தொடங்கினால், அரிப்பு நின்ற அன்றே நிறுத்தாமல் சொன்ன காலம்வரை தொடருங்கள். துண்டும் உள்ளாடையும் சீப்பும் அவரவர்க்குத் தனியே இருக்கட்டும். துவைத்த துணி வெயிலில் நன்றாகக் காயட்டும். வீட்டில் மற்றவர்க்கும் அரிப்பு உண்டானால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் மட்டும் மருந்துண்டால் நோய் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம். சிலர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் அமரலாம். அன்று வாசலில் வரிசை நீண்டிருக்கும். நோயாளியும் வேலைக்குப் போகும் அவசரத்தில் இருப்பார். கண்ணாடித் தகட்டில் செதில் தெளிய இன்னும் பத்து நிமிடம் வேண்டியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள்.